அப்பப்பாவின் வயலினுக்குக் கடதாசி இல்லை: உரிமை வரலாற்றை எங்கிருந்து தேடுவது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. வெள்ளவத்தையில் வயலின் கற்பித்த உங்கள் அப்பப்பாவின் வாத்தியம் இப்போது உங்களிடம் இருக்கிறது. உள்ளே ‘அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ், கிரெமோனா, 1721’ என்று ஒரு லேபல்; இத்தாலியின் கிரெமோனா நகரில் வயலின் செய்த புகழ்பெற்ற ஸ்ட்ராடிவேரியின் பெயர் அது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை, சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஊர் திரும்பும்போது அதை அப்பப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார் என்பது வீட்டுப் பேச்சு. 1983 ஆடியில் வீடு எரிந்தபோது கடதாசிகள் எல்லாம் போயின. வயலின் மட்டும் அந்த நேரம் ஒரு மாணவரின் வீட்டில் இருந்ததால் தப்பியது. இப்போது வெளிநாட்டில் ஒருவர், உரிமை வரலாற்றைக் காட்டினால் வாங்கத் தயார் என்கிறார். அந்த வரலாற்றை எங்கே தேடுவது, கடதாசி இல்லாமல் அதை நிறுவ முடியுமா என்று கேட்கிறீர்கள்.

ஓரளவுக்கு நிறுவ முடியும். ஆனால் உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயலினைச் செய்தது யார்? அது யார் யார் கையில் இருந்து வந்தது? இன்று சட்டப்படி யாருக்குச் சொந்தம்? ஒன்றுக்குக் கிடைக்கும் சான்று மற்றதற்கு உதவாது. துரையின் கையெழுத்தோடு ஒரு ரசீது நாளைக்கே கிடைத்தாலும் அது கிரெமோனாவில் செய்த வயலின் என்று ஆகிவிடாது. கிரெமோனா வயலின்தான் என்று ஒரு நிபுணர் எழுதித் தந்தாலும் அது உங்களுக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. வாங்க வருபவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும்போதுதான் விற்பவர் ஏமாறுகிறார்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். லேபலை மட்டும் வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது, இது உறுதி. 1737இல் இறந்த ஸ்ட்ராடிவேரி செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 650. அவற்றில் வயலின்கள் 500 அளவில். அவர் பெயர் அச்சிட்ட லேபலோடு ஜேர்மனியின் மார்க்நொய்கிர்ஹனிலும் மிட்டன்வால்டிலும், பொஹீமியாவின் ஷோன்பாஹிலும், பிரான்சின் மிரெக்கூரிலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இலட்சக்கணக்கில் வயலின்கள் செய்யப்பட்டன. அது மோசடி அல்ல. இன்ன மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று சொல்லும் வழக்கம். உங்கள் லேபலில் பார்க்க வேண்டியவை இரண்டு. அசல் லேபல்களில் ஆண்டின் முன்பகுதி அச்சிலும் கடைசி இலக்கங்கள் கையெழுத்திலும் இருக்கும். நான்கு இலக்கமும் அச்சில் இருந்தால் சந்தேகம். இரண்டாவது, பெயரின் நடுவில் வரும் ‘வே’ ஒலிக்கு அவர் சுமார் 1730 வரை ‘யூ’ எழுத்தையே அச்சிட்டார், ‘வி’ எழுத்து அதற்குப் பிறகு வந்தது. 1721 என்று போட்ட லேபலில் ‘வி’ இருந்தால் அந்த லேபல் அவருடையதல்ல. ஓரத்தில் சிறிதாக ‘ஜேர்மனி’ என்று இருந்தால், பிரித்தானியாவின் 1887 சட்டமும் அமெரிக்காவின் 1890 சட்டமும் நாட்டின் பெயரைப் போடச் செய்த பிறகு வந்தது என்று கொள்ளலாம். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918க்குப் பின்.

உடலைப் பார்த்துச் சொல்லக்கூடியவையும் உண்டு. உள்ளே நான்கு மூலைகளிலும் கட்டைகள் இல்லாமலோ, வெறும் பலகைத் துண்டை ஒப்புக்கு ஒட்டியோ இருந்தால், பேஸ் பார் (மேல்பலகையின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் கட்டை) தனியாக ஒட்டப்படாமல் மேல்பலகையோடு சேர்த்தே செதுக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஜேர்மனியின் சாக்சனி அல்லது பொஹீமியாப் பட்டறை வேலை. கழுத்து ஒட்டு சற்று ஏமாற்றும். பழைய இத்தாலிய வயலின்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டிருப்பதால் பிரடைப் பெட்டியின் பக்கங்களில் ஒட்டுக் கோடு தெரியும். அதை அறிந்த பட்டறைகள் புதிய வயலினிலும் அந்தக் கோட்டைக் கீறி வைத்தன. இவற்றை எல்லாம் தாண்டி ‘இன்னார் செய்தது’ என்று சொல்ல, வாத்தியத்தைக் கையில் வைத்துப் பார்க்கும் ஒரு நிபுணர் வேண்டும். படத்தை மட்டும் பார்த்து ‘ஆம்’ என்று எவராவது எழுதித் தந்தால் அதற்கு மதிப்பில்லை. படத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்வது பெரும்பாலும் நம்பத்தக்கது. இப்படியான லேபல் உள்ள வயலின்களில் மிகப் பெரும்பாலானவை சில நூறு முதல் சில ஆயிரம் டொலர் வரை போகும் நல்ல பட்டறை வயலின்கள். உங்களுடையதும் அப்படி இருக்கலாம் என்று எண்ணி வேலையைத் தொடங்குவதே நல்லது.

இனி நீங்கள் உண்மையில் கேட்டது. உரிமை வரலாறு முழுமையாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உலகம் காட்டும் உதாரணம் ஒக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘மெசையா’ வயலின். 1716 என்று ஆண்டிடப்பட்ட அதை ஸ்ட்ராடிவேரி விற்கவே இல்லை. அவர் இறந்தபோது வீட்டில் இருந்தது. மகன் பாவோலோ 1775இல் வயலின் சேகரிப்பாளரான கோசியோ பிரபுவுக்கு விற்றார். அவரிடமிருந்து 1827இல் வயலின் வியாபாரி லூயிஜி தாரிசியோ வாங்கினார். தாரிசியோ இறந்தபின் 1855இல் பாரிசில் வயலின் செய்து விற்ற வில்லோம் அவருடைய வாரிசுகளிடமிருந்து எடுத்தார். பிறகு வில்லோமின் மருமகன் அலார், 1890இல் எடின்பரோவில் ஒருவர், பின் லண்டனின் ஹில் குடும்பம், அங்கிருந்து அருங்காட்சியகம். இவ்வளவு தெளிவான சங்கிலிக்கும் 1990களின் இறுதியில் கேள்வி எழுந்தது: கோசியோ தன் குறிப்பேட்டில் வர்ணித்த வயலின்தானா இது, அல்லது கைதேர்ந்த பிரதிக்காரரான வில்லோம் செய்ததா? மேல்பலகையின் மர வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். கடைசி வளையம் 1680களைச் சேர்ந்ததாக இருந்தது. மரம் ஸ்ட்ராடிவேரியின் காலத்துக்குப் பொருந்துகிறது என்பதுதான் அதன் பொருள். அவர்தான் செய்தார் என்பதை வளையம் சொல்லாது. இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அந்தச் சண்டை நடந்த இடம். யார் யாருக்கு விற்றார் என்பதில் எவருக்கும் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. கடதாசியில் இருக்கும் வயலினும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வயலினும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

ஆகவே சுவடிகளைத் தேடிப் போக முன்னர், உங்கள் வயலினை வேறெந்த வயலினோடும் மாறாத அளவுக்குப் பதிந்து வையுங்கள். அது இல்லாமல் எந்தப் பழைய ரசீது கிடைத்தாலும் ‘ஒரு வயலின், பெட்டியுடன்’ என்றுதான் அதில் இருக்கும், அது எந்த வயலினுக்கும் பொருந்தும். தையல்காரரின் துணி நாடா போதும். உலோக அளவுகோலை வார்னிஷில் வைக்க வேண்டாம். முதுகுப்பலகையின் நீளத்தை, கழுத்தடியில் நீட்டியிருக்கும் அரைவட்டத்தை விட்டுவிட்டு, வளைவின் மேலாக அளக்கவும். முழு அளவு வயலினில் இது 355 மில்லிமீற்றர் அளவில் வரும். பிறகு மேல் அகலம், இடுப்பு, கீழ் அகலம்: வழக்கமாக 167, 110, 207 அளவில். ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளந்து மூன்று எண்ணையும் எழுதுங்கள். முதுகு ஒரே பலகையா, நடுவில் இணைத்த இரண்டா; மேப்பிள் மரத்தின் புலிக்கோடுகள் நடுவிலிருந்து மேல்நோக்கிப் போகின்றனவா கீழ்நோக்கியா; மேல்பலகையின் ரேகை நடுவில் நெருக்கமா, ஓரத்தில் விரிவா; பழைய வெடிப்புகள் எங்கே, எத்தனை மில்லிமீற்றர். நல்ல நிபுணர் தரும் சான்றிதழில் இந்த வர்ணனைதான் பாதிப் பக்கம் இருக்கும்.

படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம், அது வார்னிஷில் பளிச்சென்று விழுந்து ரேகையை மறைத்துவிடும். காலையில் யன்னலோரம், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்து, கமராவைச் சற்றுத் தள்ளி வைத்து எடுங்கள். கிட்ட வைத்து எடுத்தால் உருவம் வீங்கித் தெரியும். முன், பின், இரண்டு விலா, சுருள் தலையின் நான்கு பக்கம், இடது எஃப் துளை வழியாக லேபல், அடிக்கட்டை. உள்ளே பார்க்கக் கைத்தொலைபேசியில் பூட்டும் மெல்லிய கமரா கிடைக்கும். எஃப் துளையின் கீழ்வட்டம் வழியாகத் தடையில்லாமல் போனால் மட்டும் விடுங்கள். தள்ளி நுழைத்தால் துளையின் ஓரம் உடையும், அந்த உடைவு வாழ்நாளுக்கும் தெரியும். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடாதீர்கள். அழுத்தம் போனால் உள்ளே நிற்கும் சிறு தூண் விழும், குதிரையும் சாயும்.

இப்படிப் பதியும்போதே, கைமாறிய தடயங்கள் கண்ணில் படத் தொடங்கும். கழுத்தடியில் சூட்டு முத்திரை. உட்பக்கத்தில் திருத்தியவர் பென்சிலால் போட்ட பெயரும் திகதியும். லேபலுக்குப் பக்கத்தில் ஒரு கடையின் சிறு சீட்டு. பெட்டியின் துணிக்கடியில் கப்பல் பயணச் சீட்டின் துண்டு. பெட்டி பலவீனமான சான்று, பெட்டிகள் மாறிக்கொண்டே இருக்கும். உடலில் எழுதியது வலுவானது. நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு தடயம் இருக்கிறது, ஐரோப்பிய நிபுணர் எவரும் அதை உங்களிடம் கேட்கமாட்டார்: சரஸ்வதி பூசைக்கு வைத்து வைத்து, சுருள் தலையிலோ விலாவிலோ படிந்துபோன சந்தனமும் குங்குமமும். அதைத் துடைக்காதீர்கள். அந்த வாத்தியம் பல ஆண்டுகள் ஒரு தமிழ் வீட்டில் வாசிக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நேரான அடையாளம் வேறு இல்லை. விரல்பலகையின் ஓரத்தில் படிந்த தேங்காயெண்ணெய்க் கறையும் அப்படியே. விற்பதற்கு முன் ‘பொலிஷ் பண்ணித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கொடுக்கவே வேண்டாம். வார்னிஷை உரித்துப் புதிதாகப் பூசிய வயலினின் விலை பாதிக்கும் கீழே போகலாம், தடயங்களும் அதோடு போய்விடும். கொழும்பின் ஈரத்தில் வச்சிரம் இளகி ஓரம் வாய் பிளந்திருந்தால் அப்படியே விட்டு வையுங்கள். வெள்ளைப் பசையாலோ அரால்டைட்டாலோ ஒட்டினால் அடுத்தமுறை திறக்கும்போது பலகை பிய்ந்து வரும்.

அடுத்தது கடதாசிச் சங்கிலி. எல்லோரும் செய்யும் தவறு துரையில் தொடங்குவது. இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒவ்வொரு கையாக. உங்களிடம் எப்படி வந்தது, அப்பா மூலமா, நேரடியாகவா? அதற்கு முன் 1983. அந்த மாணவர் வயலினை ‘வைத்திருந்தார்’ என்பதற்கும் ‘பெற்றுக்கொண்டார்’ என்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. குரு தன் வாத்தியத்தை சிஷ்யனுக்குக் கொடுத்துவிடுவது நம் சங்கீத மரபில் சாதாரணம். அதற்கு எவரும் ரசீது எழுதுவதில்லை. அவர் அதைத் தற்காலிகமாக வைத்திருந்து திருப்பித் தந்தார் என்பதை அவர் வாயாலேயே, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசியாகப் பெறுங்கள். அதில் ‘வயலின்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். நீங்கள் எடுத்த படங்களை இணைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னும் அவர் கையொப்பமிட வேண்டும். அவருக்கு நினைவிருக்கும் அடையாளங்களை, படத்தைக் காட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்தபின் சொல்லும் நினைவு பாதி படத்தின் நினைவுதான்.

எரிந்துபோன கடதாசிக்குப் பதிலாக நிற்கக்கூடிய சிறந்த சான்று பழைய புகைப்படம். கச்சேரி மேடை, அரங்கேற்றம், திருமண வீடு, குழுப்படம் எதுவானாலும் சரி. வயலினின் முதுகு தெரிந்தால் புலிக்கோடுகளை இன்றைய படத்தோடு ஒப்பிட்டுவிடலாம், மரத்தின் கோடு கைரேகை மாதிரி. முன்பக்கம் மட்டும் தெரிந்தாலும் வார்னிஷ் தேய்ந்த இடத்தின் வடிவம், எஃப் துளையருகே ஒரு வெடிப்பு, மேல்பலகையில் ஒரு கணு, இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினால் போதும். உங்கள் வீட்டு அல்பம் எரிந்திருக்கும். மாணவர்களின் வீட்டு அல்பங்கள் எரிந்திருக்காது. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். 1930களிலிருந்து வந்த வீரகேசரி, தினகரன் இதழ்களில் கச்சேரி அறிவித்தல்களும் படங்களும் உண்டு. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம், ஆனால் மாதத்தையாவது தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் தொகுதிக்கு மேல் தொகுதியாகப் புரட்ட வேண்டிவரும். கோயில் மலர், பாடசாலை மலர், சபை ஆண்டு மலர் போன்றவை நூலகம் இணையத்தளத்திலும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பத்திரிகைப் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், மரத்தின் ரேகை அதில் தெரியாது. அது அப்பப்பா அந்தத் திகதியில் வயலின் வாசித்தார் என்பதற்குச் சான்றாகுமே தவிர, இந்த வயலினை வாசித்தார் என்பதற்கு ஆகாது. மலரின் அசல் படம் யாரிடமாவது இருந்தால் அதுவே தேவை.

அப்பப்பா வரைக்கும் கட்டிவிட்டீர்கள் என்றால் துரையிடம் போகலாம். இங்கே கொழும்பில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 1859இலிருந்து வெளிவந்த ஃபெர்குசன் டிரெக்டரி என்ற ஆண்டுத் தொகுப்பில் தோட்டங்களின் பெயரும் அவற்றின் துரைமார் பெயரும் ஆண்டுவாரியாக இருக்கும். வீட்டில் சொல்லும் தோட்டப் பெயர், அல்லது அந்தப் பெயரின் தமிழ் வழக்கு, இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும். தமிழ்த் தோட்டப் பெயர்கள் ஆங்கிலப் பெயரோடு ஒத்துவராது என்பதால் அந்தப் பகுதியில் பிறந்த ஒருவரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெயர் கிடைத்ததும் மறுகரை. பிரித்தானியத் துறைமுகங்களில் வந்திறங்கிய பயணிகளின் பட்டியல்கள் 1878 முதல் 1960 வரை லண்டன் தேசிய சுவடிகளில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். பெயர், வயது, தொழில், போய்த் தங்கும் முகவரி எல்லாம் அதில் இருக்கும். அதிலிருந்து அவர் எந்த ஆண்டு திரும்பினார் என்பது உறுதியாகும். வீட்டுப் பேச்சில் ‘சுதந்திரம் கிடைத்த காலம்’ என்பது சில நேரம் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்டதையொட்டி ஆட்கள் வெளியேறிய காலமாகவும், சில நேரம் 1956ஆகவும் மாறிவிடும். முகவரி கிடைத்தால் மரணசாசனப் பதிவேடு: இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 1858இலிருந்து ஆண்டுப் பட்டியல் உண்டு. துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். அவர்களுக்கு எடின்பரோவில் தனிப் பதிவேடு. விற்றவர் பறங்கியர் குடும்பம் என்று தெரியவந்தால், டச்சு பேர்கர் யூனியன் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிகளைப் பாருங்கள்.

இதில் எவ்வளவு கிடைக்கும் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தத் துரை அந்தத் தோட்டத்தில் இருந்தார், அந்த ஆண்டு திரும்பினார் என்பது வரை நிறுவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவரிடம் வயலின் இருந்தது என்பதற்கு அவர் குடும்பத்தில் ஒரு படமோ கடிதமோ இருந்தால் உண்டு. அது இந்த வயலின்தான் என்பதற்குச் சான்று கிடைப்பது அரிது. அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்பது, ஒரு பெரிய வியாபார நிறுவனத்தின் முத்திரையோ எண்ணோ வயலினில் இல்லாத வரையில், திறக்காத கதவு. அந்த இடத்தில் ‘குடும்ப மரபுப்படி’ என்று எழுதி நிறுத்துங்கள். இடைவெளியை இடைவெளியாகவே காட்டிய வரலாற்றை வாங்குபவர் நம்புவார். இடைவெளியை ஊகத்தால் நிரப்பிய வரலாற்றில் ஒரு பிழை வெளிப்பட்டால் மற்ற உண்மைகளும் சேர்ந்து விழும். 2012இல் வியன்னா நீதிமன்றம் உலகப் பெயர் பெற்ற ஒரு வயலின் வியாபாரிக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் செய்தவற்றில் ஒன்று, சாதாரண வயலின்களைப் பெரிய பெயர்களில் காட்டி வங்கியில் பிணையாக வைத்தது. பெரிய பெயரும் அழகான கடதாசியும் இருந்தால் மட்டும் போதாது என்பது அந்தத் துறைக்கே அன்று நன்றாக உறைத்தது.

மூன்றாவது கேள்வி, சொந்தம். கையில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அது சொந்தமாகிவிடுவதில்லை என்பதற்கு ஹியூபர்மன் வயலினைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1936 பெப்ரவரி 28 அன்று நியூ யோர்க் கார்னகி மண்டபத்தில் புரோனிஸ்லாவ் ஹியூபர்மன் மேடையில் வேறொரு வயலினை வாசித்துக்கொண்டிருக்க, 1713ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவேரியஸ் அவருடைய உடைமாற்றும் அறையிலிருந்து திருடப்பட்டது. ஜூலியன் ஒல்ட்மன் என்ற வாத்தியக்காரர் சப்பாத்துப் பொலிஷ் பூசி அதன் நிறத்தை மறைத்து, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அதையே வாசித்து வாழ்ந்தார். 1985இல் மரணப் படுக்கையில் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். வயலின் போய்ச் சேர்ந்த இடம் லொயிட்ஸ் காப்புறுதி. ஹியூபர்மனுக்கு அன்று 30,000 டொலர் கொடுத்ததால் உரிமை அவர்களுடையதாகியிருந்தது. மனைவிக்குக் கிடைத்தது கண்டெடுத்துத் தந்ததற்கான சன்மானம் மட்டும். இன்று ஜோஷுவா பெல் வாசிப்பது அந்த வயலினைத்தான். நம் சட்டத்திலும், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, தனக்கு இல்லாத உரிமையை விற்பவர் வாங்குபவருக்குக் கொடுக்க முடியாது என்பதே பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். இன்டர்போலின் ‘ஐடி-ஆர்ட்’ செயலியில் திருட்டுப்போன கலைப்பொருட்களை இலவசமாகத் தேடலாம். பெரிய மதிப்புள்ளது என்று தெரியவந்தால் லண்டனிலுள்ள ஆர்ட் லொஸ் ரெஜிஸ்டரில் கட்டணம் கட்டித் தேடச் சொல்லி அதன் சான்றிதழை வைத்திருங்கள். பட்டியலில் இல்லை என்பது திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு முழு உத்தரவாதம் அல்ல. நீங்கள் தேடிப் பார்த்தீர்கள் என்பதற்குச் சான்று.

உங்கள் விடயத்தில் பெரிய அபாயம் திருட்டு அல்ல, குடும்பம். அப்பப்பா மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால் வயலின் தானாக உங்களுக்கு வந்துவிடவில்லை. வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. பங்கு எப்படிப் பிரியும் என்பது அவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரா, பொதுச் சட்டத்துக்கா என்பதைப் பொறுத்தது. பெரியப்பா, அத்தைமார், அவர்கள் இல்லையென்றால் அவர்களின் பிள்ளைகள், வெளிநாட்டில் இருந்தாலும், விற்பதற்குத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரட்டும். விலை தெரியும் முன் கேட்டால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம் இது. தெரிந்தபின் கேட்டால் நீதிமன்றம் வரை போகலாம்.

வாங்க விரும்புபவருக்கு வயலினை அனுப்ப வேண்டாம். அளவுகளும் படங்களும் போதும். நாட்டைவிட்டுக் கொண்டுபோவதில் அந்த லேபல் உங்களுக்கே வினையாகலாம். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் என்றால் அது தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரக்கூடும். 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துகள் சட்டமும் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. கட்டுநாயக்காவில் ‘1721’ என்பதை வாசிக்கும் அதிகாரி அதை உண்மையென்றே எடுக்க வேண்டியவர். ஆகவே முன்கூட்டியே கொழும்பு 7 தொல்பொருளியல் திணைக்களத்தில் படங்களோடு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வில்லைத் தனியாகப் பாருங்கள். பழைய வில்லின் நுனியில் யானைத் தந்தமோ, பிடியில் ஆமை ஓடோ இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அது எல்லை தாண்டக் கூடாது. வில்லின் தண்டு பெர்னாம்புகோ மரமாக இருந்தால் அதுவும் 2007இலிருந்து சர்வதேசக் கட்டுப்பாட்டில் உள்ளது, அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்கு மேலே தண்டில் ஒரு பெயர் அழுத்தப்பட்டிருந்தால் கண்ணாடி வைத்து வாசித்து வையுங்கள். சில வீடுகளில் வயலினைவிட வில்லுக்கே விலை அதிகம். நிபுணர் கருத்து எழுதித் தரும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘இன்னார் செய்தது’, ‘செய்ததாகக் கருதப்படுவது’, ‘பட்டறையைச் சேர்ந்தது’, ‘பாணியில் அமைந்தது’, ‘இந்த லேபல் உள்ளது’ என்ற ஐந்தும் ஐந்து விலை. காப்புறுதிக்காக எழுதிய பெறுமதிக் கடிதம் சான்றிதழ் அல்ல.

வரிசையில் முதலாவதாக அந்த மாணவரிடம் போங்கள். சுவடிகள் அங்கேயே இருக்கும், அவருக்கு இப்போது வயதாகியிருக்கும். வயலின் எந்த நாளில் அவர் கைக்கு வந்தது, ஏன் வந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார், அப்போது பெட்டிக்குள் வேறு என்ன இருந்தது, எந்த ஆண்டு யாரிடம் திருப்பிக் கொடுத்தார், இடையில் யாராவது திருத்தினார்களா, அப்பப்பா அதை வாங்கியதைப் பற்றி என்ன சொன்னார், அந்தத் துரையின் பெயரை எப்படி உச்சரித்தார் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டே கேளுங்கள். துரையின் பெயரை அவர் தமிழ் வாயில் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள், ஆங்கிலமாகத் திருத்தாதீர்கள். ஃபெர்குசனில் தேடும்போது அந்த ஒலிதான் உதவும்.